ஓரத்துப் பச்சை

8-8-1933, செவ்வாய்

போர்வையின் நடுப்பாகம் இன்றைக்கு முடிந்தது. தொண்ணூற்றொன்பது துண்டு. இனிச் சுற்றிலும் ஓரம், நாற்பத்து நாலு.

எதிர்வீட்டு ஜஹீதா அக்கா மத்தியானம் வந்து பார்த்தார். துண்டு துண்டாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாமா தெச்சிக்கீற, தேவானை. எங்க மாமியா வூட்டு ரஜாய் போர்வை எல்லாம் இதுக்கு முன்னால சாக்கு" என்றார்.

சிரித்தேன் போலிருக்கிறது.

போர்வை அவர் மகள் ஷம்ஷாதுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு. இது மூன்றாவது. முதலாவது பிறந்த அன்றே போனது. இரண்டாவது பதினெட்டு நாள் இருந்தது. பிள்ளை தங்காத வீட்டுக்கு, பிள்ளைகள் நன்றாக இருக்கிற வீடுகளில் பழந்துணி யாசகம் வாங்கித் தைத்துப் போர்த்தினால் தங்கும் என்பார்கள். அவர்கள், நாங்கள் என்று இல்லை, எங்கள் சந்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனி மாதம் அக்கா ஒரு பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், தலைத்துணியை ஏந்தித் துணி கேட்டார். பதினோரு வீடு.

பன்னிரண்டாவதாக எங்கள் வீட்டுக்கும் வந்தார். பையை என் கையில் கொடுத்து, "நீதான் தெக்கணும்" என்றார். துணி கேட்கவில்லை.

எப்படிக் கேட்பார். எங்கள் வசந்தி மாசி மாதம் போய்விட்டாள். இந்த வீட்டில் இப்போது பிள்ளை ஏது.

9-8, புதன்

தைக்கவில்லை. தலைவலி என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். தலைவலி இல்லை.

11-8, வெள்ளி

ஓரம் பத்து ஆயிற்று.

ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஆறு மூலையாக வெட்டின பேப்பர் இருக்கும். அவர் அச்சாபீஸில் மிஷின் ஓட்டுகிறவர், கழிவுப் பேப்பருக்குப் பஞ்சமில்லை. துணியைப் பேப்பர்மேல் மடித்து எட்ட எட்டத் தையல் போட வேண்டும். பிறகு துண்டும் துண்டும் விளிம்போடு விளிம்பு சேர்த்து நெருக்கித் தைக்க வேண்டும். ஆறு பக்கமும் சேர்ந்த பிறகுதான் பேப்பரை உருவலாம். அடையாற்று பங்களாவில் கல்யாணத்துக்கு முன்னால் ஆயா வேலை பார்த்தேனே, அந்தத் துரைசாணி சொல்லிக்கொடுத்தது. ஓரத்துத் துண்டின் பேப்பரை மட்டும் கடைசிவரை எடுக்காதே, எடுத்தால் கோணிப்போகும் என்று கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அதனால் ஓரம் தொட்டால் இன்னும் சலசலக்கிறது.

மீன்காரத் தேசம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பிள்ளைகள் ஏழு. "த பார்றா, எங்க துரைராஜ் சொக்காய் கீது. கேட்டாங்க, குட்த்தேன். துணி இன்னாத்துக்கு யக்கா, ஒரு புள்ளையவே தூக்கிக்கினு போ, எனுக்கு சோறாவது மிச்சம்னேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஒரு கை நெத்திலியை அள்ளி, நான் கேட்காமலே என் முறத்தில் போட்டுவிட்டுப் போனாள்.

எல்லாரும் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

13-8, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல.

ஓரத்தில் ஆறு துண்டு அக்காவின் பையிலிருந்து எடுத்தது இல்லை. வசந்தியின் பச்சைப் பாவாடை. கடுகு கடுகாக மஞ்சள் புள்ளி போட்டது, போன தீபாவளிக்கு எடுத்தது. ஆறு வயசுப் பிள்ளைக்குக் காரியம் என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, துணியை மட்டும் வண்ணாரிடம் போட்டுவிடச் சொன்னார்கள். மூட்டை கட்டினது நான்தான். பாவாடையை மட்டும் அரிசிப் பானைக்குள் அமுக்கிவிட்டேன். எல்லாம் போய்விட்டது என்று அவரிடம் சொன்னேன்.

போன திங்கள்கிழமை அதை எடுத்து வெட்டினேன். பிழைத்த பிள்ளைகளின் துணிக்கு நடுவே செத்த பிள்ளையின் துணியை வைத்துத் தைத்துவிட்டேன். என்னை நம்பித்தானே பையைக் கொடுத்தார்? "அவ வேணாம், அவ கை இப்ப ஆகாது" என்று சந்தில் இரண்டு பேர் சொன்னார்களாம். "அவ கைக்கு இன்னா கேடு" என்று அக்கா சண்டை போட்டாராம். தேசம்மாதான் சொன்னாள்.

அப்படிப்பட்டவருக்கு நான் இதைச் செய்திருக்கிறேன்.

16-8, புதன்

ஓரம் நாற்பத்து நாலும் சேர்த்தாயிற்று. பச்சை ஆறும் ஒரு பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன.

ஆறு மூலைத் துண்டு என்பதால் ஓரம் நேராக வராது, பல்லுப் பல்லாக நிற்கும். அவர் வேலைவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டே பார்த்தார். "இந்தப் பல்லையெல்லாம் எப்பத் தெச்சி முடிப்ப? ஆபீஸ்ல பேப்பர் வெட்ற கத்தி கீது. குடு, எடுத்துக்கினு போறேன். ஒரே வெட்டு, நூல் பிடிச்ச மாதிரி நேரா வந்துடும்" என்றார்.

வெட்டினால் ஓரத்துத் துண்டு ஒவ்வொன்றும் பாதியாகப் போய்விடும்.

"அத்தத் தொடாத" என்றேன். கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

அவர் உட்கார்ந்து போர்வையை மடிமேல் இழுத்தார். ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். பச்சையில் வந்து விரல் நின்றது. ஒரு மஞ்சள் புள்ளியின்மேல் நின்றது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் போட்டாச்சுன்னியே" என்றார்.

அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

அவர் போர்வையை அப்படியே மடித்துப் பெட்டிமேல் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வெளியே போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

19-8, சனி

ஓரம் மடிக்க ஆரம்பித்தேன். அடித்துணியையும் பல்லுப் பல்லாகவே வெட்டி, இரண்டையும் உள்பக்கமாக மடித்து, வாயோடு வாய் வைத்துத் தைக்க வேண்டும். உள்மூலை ஒவ்வொன்றிலும் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டு. குறைவாக வெட்டினால் சுருங்கும். ஒரு நூல் அதிகமாகப் போனால் பிரிந்துவிடும்.

இன்றைக்கு மூன்று மூலையில் அதிகமாக வெட்டிவிட்டேன். முன்னெல்லாம் இப்படி வெட்டமாட்டேன்.

23-8, புதன்

ஷம்ஷாத் வந்தாள். பிரசவத்துக்காகச் சிந்தாதிரிப்பேட்டை மாமியார் வீட்டிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. வயிறு இறங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சின்னம்மா, காட்டுங்க. அம்மா பாக்கவே வுட மாட்டேங்கிறாங்க, கண்ணு பட்டுடுமாம். என் கண்ணே எனக்குப் படுமா?"

மடியில் போட்டேன். இது யார் வீட்டுது, இது யார் வீட்டுது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னேன். ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் வீட்டு நீலம், ஆபீஸர் வீட்டுக் கட்டம், துரைராஜ் சொக்காய். ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயரை வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டாள். பிள்ளைகளை எண்ணுகிறாள் என்று பிறகுதான் புரிந்தது.

பச்சைக்கு வந்தாள். "இது நல்லா கீதே. யார் வூடு?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம்.

"தேசம்மா வீடு" என்றேன்.

"அப்ப ஏழு" என்றாள். அந்த ஆறு துண்டையும் உள்ளங்கையால் நீவிவிட்டாள். "ஏழு இருக்கிற வூட்டுது ஆறு துண்டு. நல்லது, சின்னம்மா."



25-8, வெள்ளி

பொய் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஷம்ஷாத் தேசம்மாவைத் தெருவில் பார்த்து, "பச்ச துணி குட்த்தீங்களே, அதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது" என்று சொல்லியிருக்கிறாள்.

தேசம்மா நேரே இங்கே வந்தாள். கூடையைக்கூட இறக்கவில்லை.

"எங்க வூட்ல பச்ச துணி ஏதுடி? நான் குட்த்தது ஒரு சொக்காய்." போர்வையை இழுத்துப் பார்த்தாள். பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "அடிப் பாவி. இத்தக் கட்டிக்கினு எங்க வூட்டு வாசல்ல நொண்டி ஆடிக்கினு இருக்குமே."

நான் அழவில்லை. அவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மீன் கையாலேயே.

"நான் இன்னா சொன்னேன் தெரிமா அந்தப் பொண்ணுகிட்ட? ஆமா கண்ணு, நான்தான் குட்த்தேன்னுட்டேன். வயித்துப் பிள்ளக்காரிகிட்ட வேற இன்னா சொல்றது. உனக்காவ நானும் பொய் சொல்லிக்கீறேன். என்னாண்டேந்து வெளிய போவாது. ஆனா நீ சொல்லிடு. அந்தப் புள்ளைக்கு நாளைக்கு ஒண்ணுன்னா, உன் மனசு உன்ன வுடாது."

எனக்காக இன்னொருத்தியும் பொய் சொல்லும்படி ஆயிற்று.

29-8, செவ்வாய்

ஓரம் மூன்று பக்கம் முடிந்தது. பேப்பரையெல்லாம் உருவிவிட்டேன், பச்சை ஆறைத் தவிர. அந்தப் பக்கத்தை மட்டும் மூடாமல் வைத்திருக்கிறேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

2-9, சனி

பிரித்து எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டால், நடந்ததே இல்லை என்று ஆகிவிடும். கத்தரிக்கோல் நுனியை முதல் தையலில் விட்டேன். வெட்ட வரவில்லை.

பாவாடையில் மிச்சம் ஏதும் இல்லை. இடுப்புப் பட்டியில் எண்ணெய்க் கறை இருந்தது, அதை அன்றைக்கே அடுப்பில் போட்டேன். இந்த ஆறும்தான் இருக்கிறது.

நாளைக்குச் சொல்கிறேன். கண்டிப்பாக நாளைக்கு.

3-9, ஞாயிறு

சொல்லவில்லை.

4-9, திங்கள்

காலையில் அவர் டிராமுக்குப் போன கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டில் சத்தம் கேட்டது. வலி கண்டுவிட்டது. நாள் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்றார்களே. மருத்துவச்சி ஓடினாள். பின்னாலேயே ஜஹீதா அக்கா என் வாசலில் வந்து நின்றார். தலையில் முக்காடு இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. கையை நீட்டினார்.

"குடு தேவானை. முடிஞ்ச வரைக்கும் போதும். வந்ததும் அதுலதான் சுத்தணும். ரெண்டு தடவ வெள்ளத்துணியில சுத்தினேன், ரெண்டும் அதுலயே போச்சு."

போர்வை என் கையில்தான் இருந்தது. நீட்டினால் போதும். அவர் வாங்கிக்கொண்டு போயிருப்பார். என் கை வரவில்லை.

"அக்கா, இதுல தப்பு பண்ணிட்டேன்."

"இன்னா தப்பு, ஓரம் கோணிச்சா? கோணினா கோணட்டும், குடு."

"யாசகம் வாங்காத துணி இதுல கீது. இந்தப் பச்ச. என் வசந்தியோடது."

அவர் நீட்டின கை அப்படியே நின்றது. உள்ளே ஷம்ஷாத் "அம்மா" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

"எத்தினி?"

"ஆறு."

"எட்த்துடு" என்றார்.

இரண்டு அடி போனவர் திரும்பி வந்தார். "கோவத்துல சொல்லல. பயத்துல சொல்றேன். எனக்கு வேற இன்னா சொல்ல வரும், சொல்லு."

கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து பிரித்தேன். சனிக்கிழமை வெட்ட வராத தையல் இன்றைக்கு வெட்ட வந்தது. ஒன்று எடுத்தேன். அந்த இடத்தில் துரைராஜ் சொக்காயின் மிச்சத்தில் ஒன்று வெட்டி வைத்தேன். இரண்டு. எதிர்வீட்டில் அந்தப் பெண் அலறுகிறாள், நான் தைக்கிறேன். மூன்று. என் பிள்ளையை எடுக்க எடுக்க அவள் பிள்ளை வருகிறது என்று மனசில் ஓடியது. அப்படி நினைக்கக் கூடாது என்று நூலைப் பல்லால் கடித்தேன். நாலு. ஊசி குத்தி ரத்தம் அடித்துணியில் ஒரு புள்ளி பட்டுவிட்டது, எச்சில் வைத்துத் தேய்த்தேன்.

ஐந்தாவதில் கை வைத்தபோது அழுகைச் சத்தம் கேட்டது. மெலிசாக, பூனை மாதிரி. பிறகு நன்றாக.

என்னால் ஆறாவதையும் பிரித்துத்தான் எழுந்திருக்க முடிந்தது. ஓரத்தை அவசரமாக மூடினேன், தையல் நன்றாக இல்லை. கொண்டுபோனேன். அக்கா வாசலிலேயே வாங்கிக்கொண்டார். "பொண்ணு" என்று மட்டும் சொன்னார். உள்ளே வா என்று சொல்லவில்லை. சரிதான்.

5-9, செவ்வாய்

குழந்தை இருக்கிறது.

11-9, திங்கள்

இருக்கிறது. அழுகை நன்றாகக் கேட்கிறது. அக்கா இந்தப் பக்கம் வருவதில்லை. தண்ணீர்க் குழாயில் பார்த்தேன், தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

17-9, ஞாயிறு

அவர் கேட்டார். "அந்த ஆறு எங்க வெச்ச?"

அரிசிப் பானையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் பேப்பர் இன்னும் இருக்கிறது. தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒன்றைத் திருப்பி, பேப்பரில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்தார். "யாரோ வூட்டுக் காதுகுத்துப் பத்திரிக. நான் ஓட்னதுதான்" என்றார். வசந்திக்குக் காது குத்தவே இல்லை, அடுத்த வருஷம் என்று வைத்திருந்தோம். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

"அவங்க வூட்டுக்குக் கெட்டது ஆவணும்னா தெச்ச?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

அவரிடம் சொன்னது முழுசும் நிஜம் இல்லை. இங்கே எழுதுகிறேன். என் பிள்ளைத் துணி எங்கேயாவது ஒரு பிள்ளைமேல் இருக்க வேண்டும், பானைக்குள் மக்கக் கூடாது என்று நினைத்தது நிஜம். பதினோரு வீட்டிலும் கேட்ட அக்கா என் வீட்டைத் தாண்டினாரே என்று வயிறு எரிந்ததும் நிஜம். கத்தரிக்கோலைப் பாவாடையில் வைத்தபோது ஒரே ஒரு நிமிஷம், எனக்கு இல்லாதது ஷம்ஷாதுக்கு மட்டும் எதற்கு என்று நினைத்தேன். நினைத்தேன். பதினெட்டு நாள் பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணை, அதைத் தூக்கிக் குளிப்பாட்டின நானே, அப்படி நினைத்தேன். அக்காவிடம் துணியைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இது என்னோடு இருக்கட்டும்.

22-9, வெள்ளி

இன்றைக்குப் பதினெட்டாம் நாள். வேலை ஒன்றும் ஓடவில்லை. வாசலில் புளி ஆய்கிற மாதிரி உட்கார்ந்து எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரம் அழுகை கேட்டது.

23-9, சனி

பத்தொன்பது.

14-10, சனி

நாற்பது நாள் ஆகி, எதிர்வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பிரியாணி வாசனை சந்து முழுக்க. அவர் இன்றைக்கு அரை நாள், வீட்டில்தான் இருந்தார்.

மத்தியானம் ஷம்ஷாத் வந்தாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. படிக்குக் கீழேயே நின்றாள். தலைத்துணியின் ஓரத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள், அவள் அம்மா ஆனி மாதம் மற்ற வீடுகளில் பிடித்த மாதிரி.

"சின்னம்மா, பதினோரு வூட்ல வாங்கினோம். இந்த வூட்ல வாங்கல."

"பச்ச எங்கன்னு கேட்டேன், அம்மா சொன்னாங்க" என்றாள். "ஆறு வருஷம் இந்த வூட்ல ஒரு பொண்ணு நல்லா ஆடிக்கினு ஓடிக்கினு இருந்துச்சு. என்னுது ரெண்டும் ஆறு வாரம்கூட இல்ல. குல்லா தெக்கணும், சின்னம்மா. குளுரு வருது."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"அவங்கதான் அனுப்பினாங்க. வர்றதுக்கு வெக்கப்பட்டுக்கினு அங்கயே நிக்கிறாங்க, பாருங்க."

எதிர்வாசலில் ஜஹீதா அக்கா நின்றார். தோளில் குழந்தை, குழந்தைமேல் போர்வை. தெருக்கோடியில் எதையோ பார்க்கிற மாதிரி நின்றார். வெட்கப்பட வேண்டியவள் நான், அவருக்கு என்ன.

உள்ளே போய்ப் பானையைத் திறந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய தையலைப் பிரித்து, பேப்பரை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டேன். துணியை விரலால் நீவி நேர் செய்தேன். வந்து அவள் முந்தியில் போட்டேன். முந்தியை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐந்துதான் போட்டேன். எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அவள் எண்ணவில்லை. ஒன்று பேப்பரோடு பானையிலேயே இருக்கிறது. அதுவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.